அழைப்பாணை வந்த பிறகு என்ன செய்வது: சாட்சி சொல்லப் போகும் ஒரு தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்க வேண்டும். நெடுங்கேணிப் பக்கம் உங்கள் வீடு. இரண்டு வருடத்துக்கு முதல் உங்கள் தம்பியைப் படலைக்கு வெளியே வைத்து வாளால் வெட்டினார்கள். வெட்டியவரை நீங்கள் பார்த்தீர்கள், பொலிசில் வாக்குமூலமும் கொடுத்தீர்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. இப்போது வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து உங்களுக்கும் தம்பிக்கும் அழைப்பாணை வந்திருக்கிறது. அதே கிழமையில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, "காசு தாறம், இருட்டில ஆளைத் தெரியேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று அம்மாவிடம் கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா பயந்து வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறார். போகாமல் விட்டால் என்ன நடக்கும், போனால் என்ன கேட்பார்கள், இவ்வளவுதான் உங்கள் கேள்வி.

நான் சட்டத்தரணி இல்லை. பதினான்கு வருடமாக ஒரு பெண்கள் அமைப்போடு சேர்ந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களுக்கு இப்படியான குடும்பங்களோடு கூடப் போய் வருகிறேன். அதில் கண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கென்று குறிப்பாக ஆலோசனை வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த ஆணைக்குழு அது, அங்கே கதைக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

முதலில் அம்மாவின் பேச்சுக்கு வருவோம், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அதில்தான் இருக்கிறது. "வழக்கை வாபஸ் வாங்கு" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மேல் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு உங்கள் தம்பி போட்ட வழக்கு இல்லை. அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் குற்றப்பகர்வு, அதாவது குற்றப்பத்திரம், தாக்கல் செய்து அரசாங்கம் நடத்துகிற வழக்கு அது. உங்கள் தம்பி அதில் பாதிக்கப்பட்டவர், நீங்கள் சாட்சி, அவ்வளவுதான். ஏச்சுப் பேச்சு, சின்ன அடிபிடி, வேலிச் சண்டை என்றால் மத்தியஸ்த சபையிலோ நீதவான் முன்னிலையிலோ இணங்கி முடிக்க வழி இருக்கிறது, அதில் தவறும் இல்லை. கொலை முயற்சி என்று குற்றப்பகர்வு வந்த பிறகு அப்படி முடிக்க முடியாது. ஆகவே வாபஸ் வாங்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதை அம்மாவுக்கும் வந்து கதைத்தவர்களுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். இதைச் சொன்னதாலேயே சில வீடுகளில் நெருக்குதல் பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களை நெருக்கிப் பிரயோசனம் இல்லை என்று அவர்களுக்கும் விளங்கிவிடுகிறது.

அவர்கள் கேட்டது வாபஸ்கூட இல்லை, சாட்சியை மாற்றிச் சொல்லச் சொன்னது. இது பாரதூரமான விஷயம். நீதிமன்றத்தில் தெரிந்தே பொய் சொன்னால் தண்டனைச் சட்டக்கோவையின்படி 7 வருடம் வரை சிறைக்குப் போகலாம், அதுவும் நீங்கள்தான் போக வேண்டும், காசு தந்தவர் இல்லை. உண்மையிலேயே நட்டஈடு கொடுக்க அவர்களுக்கு மனமிருந்தால் அதைத் தங்கள் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்துக்கு முன்னால் சொல்லட்டும். குற்றவாளி என்று கண்டால் தண்டனையோடு சேர்த்துப் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டச் சொல்லி உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தக் காசை ஆர் முகத்தையும் பார்த்துக் கூச்சப்படாமல் வாங்கலாம். இரவில் படலையடிக்கு வரும் காசை வாங்காதீர்கள், ஆயிரம் ரூபாய் என்றாலும் வேண்டாம், தம்பியின் மருந்துச் செலவுக்கு என்று சொன்னாலும் வேண்டாம். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் "எங்களிடம் காசு வாங்கினீர்கள்தானே" என்று கேட்டால் நீங்கள் உண்மை சொன்னாலும் எடுபடாமல் போகும்.

பயம் நியாயமானதுதான். ஆனால் சாட்சியை மிரட்டுவதும் ஆசை காட்டி மாற்றப் பார்ப்பதும் தனிக் குற்றம் என்பது எங்கள் ஆக்களில் பலருக்குத் தெரியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் கொடுக்கவென்று 2015 இல் 4 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பிறகு அதை நீக்கி 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் இதற்கென்று ஒரு தேசிய அதிகாரசபை இருக்கிறது, பொலிசிலும் தனிப் பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு வேண்டும் என்று நீங்களே எழுதிக் கேட்கலாம், தமிழில் எழுதலாம். கொழும்பில் இருக்கிற அதிகாரசபை நெடுங்கேணிக்கு ஆள் அனுப்பிக் காவல் வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி நம்பி இருக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் அது பதிவில் நிற்கும், பிறகு ஏதாவது நடந்தால் "முறைப்பாடே செய்யவில்லையே" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, எதிரி பிணையில்தான் நிற்பார் என்று நினைக்கிறேன். 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தில் சாட்சிகளோடு தலையிடுவார் என்பது பிணை மறுக்க ஒரு காரணம். ஆகவே வந்து கதைத்தவர் ஆர், எந்தத் திகதி, எத்தனை மணி, சரியாக என்ன சொன்னார், அப்போது வீட்டில் ஆரார் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், இன்றைக்கே எழுதுங்கள். போனில் வந்த அழைப்பு, வட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். பொலிசில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். தவணை அன்று, அதாவது வழக்குக் கூப்பிடும் நாளில், அரசாங்கத்துக்காக வழக்கை நடத்தும் அரச சட்டவாதியிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீதிபதியின் காதுக்கு அவர் கொண்டு போவார். உங்கள் பக்கத்துப் பொலிசில் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மேலதிகாரியிடம் போங்கள், அதற்கும் மேல் தேசிய பொலிஸ் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது.

போகாமல் விட்டால் என்ன என்று கேட்டீர்கள். அழைப்பாணை கையில் கிடைத்த பிறகு காரணமில்லாமல் போகாமல் விட்டால் பிடியாணை வரும். பிறகு பொலிஸ் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவதை ஊர் பார்க்கும், சாட்சியாக இருந்த நீங்கள் குற்றம் செய்தவர் மாதிரி நிற்க வேண்டி வரும். உண்மையில் வருத்தம் என்றால் வைத்தியரின் சான்றிதழை எடுத்து, முன்கூட்டியே பொலிசுக்கோ நீதிமன்றப் பதிவாளருக்கோ சேர்ப்பித்துவிட வேண்டும்.

இரண்டு வருடம் ஏன் சத்தமில்லாமல் கிடந்தது என்று கோபப்பட்டிருந்தீர்கள். கோபம் சரியானது. வழக்கு முதலில் நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கையாக, அதாவது பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையாக, தொடங்கும், பிறகு பொலிஸ் வாக்குமூலங்களையும் சட்ட வைத்திய அறிக்கையையும் கட்டிக் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்பும், அங்கே வாசித்து, குறை இருந்தால் திருப்பி அனுப்பி, பிறகுதான் குற்றப்பகர்வு வரும். இந்த இடைவெளியில் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எங்கள் அனுபவத்தில் கேட்டால்தான் சொல்வார்கள். பாலியல் வன்முறை செய்து கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவியின் வழக்கில், 2015 மே மாதத்தில் நடந்த குற்றத்துக்கு 2017 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அது நாடே கொந்தளித்து மூன்று நீதிபதிகளை ஒன்றாக இருத்தி நடத்திய வழக்கு. அதற்கே 2 வருடத்துக்கு மேல் போனது என்றால் எங்கள் வீட்டு வழக்குகளின் வேகத்தைக் கணக்குப் பாருங்கள். அதனால்தான் நான் எல்லோரிடமும் வழக்கு இலக்கத்தைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன். நீதவான் நீதிமன்றத்தில் ஒரு பி இலக்கம் இருந்திருக்கும், மேல் நீதிமன்றத்துக்கு வந்ததும் புது இலக்கம் வந்திருக்கும், அழைப்பாணையில் அது இருக்கும். அந்த இலக்கம் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் போய் அடுத்த தவணையைக் கேட்கலாம். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் அலைய விடுவார்கள்.

சரி, சாட்சிக்கூண்டுக்கு வருவோம்.

நீங்கள் இரண்டு வருடத்துக்கு முதல் கொடுத்த வாக்குமூலம்தான் அங்கே உங்களுக்குத் துணை, அதுதான் உங்களுக்கு எதிரான ஆயுதமும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி பொலிசில் சொன்னதை வைத்து "இவர் அன்றைக்கும் இதைத்தான் சொன்னார், ஆகவே உண்மை" என்று நிறுவ முடியாது. ஆனால் அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், இன்றைக்கு வேறொன்று சொல்கிறீர்கள் என்று காட்ட எதிரியின் சட்டத்தரணி அதைப் பாவிக்கலாம். முரண்பாடு என்று இதைத்தான் சொல்வார்கள். அன்றைக்குச் சொல்லாமல் இன்றைக்குப் புதிதாக ஒன்றைச் சொன்னால் விடுபாடு என்பார்கள்.

இதில் எனக்கே ஒரு அனுபவம் இருக்கிறது. பல வருடத்துக்கு முதல் எங்கள் அயலில் நடந்த ஒரு அடிபாட்டுக்கு நான் சாட்சி. பொலிசில் "விளக்கு வைச்சாப் பிறகு" என்று சொன்னேன். எழுதிய உத்தியோகத்தருக்குத் தமிழ் அரைகுறை, அவர் 9 மணி என்று எழுதிவிட்டார். எனக்கு வாசித்துக் காட்டினார்களா என்று இப்போதும் நினைவில்லை, எங்கள் ஆக்களுக்குப் பொலிஸ் நிலையத்துக்குள் போனாலே கை நடுங்கும், போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் விளங்காத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்துப் பழகின சனம் நாங்கள், நானும் அப்படியே வைத்துவிட்டேன். நீதிமன்றத்தில் ஏழு மணி போல என்று சொன்னதும் சட்டத்தரணி எழும்பி அரை மணித்தியாலம் அந்த 9 ஐயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதுவிட்டேன். உண்மையில் அங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "நான் விளக்கு வைத்த பிறகு என்று சொன்னேன், மணி சொல்லவில்லை."

ஆகவே இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், முறைப்பாட்டை நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். அந்த மொழியில் எழுத அந்த உத்தியோகத்தரால் முடியாவிட்டால் உங்களையே எழுதித் தரச் சொல்லலாம். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், மெதுவாக, மரியாதையாக, ஆனால் விடாமல்.

உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் தவணை அன்று காலையில் அரச சட்டவாதியைச் சந்தித்து, உங்கள் வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை. அதில் பிழையாக எழுதியிருந்தால் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வழக்கில் கேள்வி எல்லாம் ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும் என்று நினைக்கிறேன்: இருட்டில் ஆளை எப்படித் தெரிந்தது. இதை நினைத்துப் பாருங்கள், மற்றவர்களோடு கதைத்துச் சேர்க்காமல் நீங்களாக நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எங்கிருந்து வெளிச்சம் வந்தது, விறாந்தை பல்பா, மோட்டார் சைக்கிள் லைட்டா, நிலவா. நீங்கள் நின்ற இடத்துக்கும் படலைக்கும் எவ்வளவு தூரம். மீற்றர் கணக்குத் தெரியாவிட்டால் சொல்ல வேண்டாம், "இங்கேயிருந்து அந்தக் கதவு மட்டும் இருக்கும்" என்று கையால் காட்டலாம், அதை நீதிமன்றம் பதிவு செய்யும். இடையில் வேலி, மரம் ஏதாவது மறைத்ததா. அந்த ஆளை முன்பே தெரியுமா, எத்தனை வருடமாகத் தெரியும், குரலைக் கேட்டீர்களா, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள். பாலை மரத்தடியில் நின்று பார்த்தேன் என்றால் பாலை மரத்தடிதான், வாசலில் நின்றேன் என்று மாற்றிச் சொல்லக் கூடாது, கிட்ட நின்றால் நம்புவார்கள் என்று நினைத்து மாற்றிச் சொன்ன ஒரு அண்ணாவின் சாட்சியம் முழுவதுமே எடுபடாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

கூண்டில் ஏறியதும் சத்தியமோ உறுதியுரையோ எடுக்கச் சொல்வார்கள். கிறிஸ்தவர்கள் சத்தியம், மற்றச் சமயத்தவர்கள் உறுதியுரை. முதலில் அரச சட்டவாதி கேட்பார், அது இலேசாக இருக்கும். பிறகு எதிரியின் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார். "நீங்கள் அந்த இடத்தில் இருக்கவே இல்லை என்று சொல்கிறேன்", "குடும்பப் பகையால் இவரின் பெயரைச் சொல்கிறீர்கள் என்று சொல்கிறேன்" என்று அவர் சொல்லும்போது உங்களுக்கு நெஞ்சு கொதிக்கும். அவர் உங்களை அவமானப்படுத்தவென்று அப்படிச் சொல்லவில்லை, தன் கட்சிக்காரரின் நிலைப்பாட்டைச் சாட்சியிடம் நேரே வைக்க வேண்டியது அவருடைய கடமை. "இல்லை, நான் அங்கே இருந்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். கேள்வி முழுக்க முடியட்டும், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்று சொல்லுங்கள். நினைவில்லை என்பது நேர்மையான பதில், ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து. அசிங்கமாகவோ மனதைப் புண்படுத்தவென்றோ கேட்கிற கேள்விகளைத் தடுக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ்தான், ஆனால் யாராவது ஒரு தரப்பு சிங்களத்தில் கதைத்தால் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நீங்கள் சொன்னதை அவர் மாற்றிச் சொல்கிறார் என்று பட்டால் உடனே நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். ஐயா, அம்மா என்று கூப்பிட்டால் போதும், வேறு பெரிய சொல் தேட வேண்டாம்.

தம்பி பெரும்பாலும் முதல் சாட்சியாக இருப்பார். அவர் சாட்சி சொல்லும்போது உங்களை வெளியில் இருத்துவார்கள். இடையில் தவணை போட்டால், அவருடைய சாட்சியம் முடியும் வரை வழக்கைப் பற்றி வீட்டில் கதைக்காதீர்கள். கஷ்டம்தான், ஒரே குசினியில் இருந்துகொண்டு கதைக்காமல் இருக்க வேண்டும், ஆனால் "அக்காவோடு கதைத்தீர்களா" என்று நிச்சயம் கேட்பார்கள். தம்பியின் வைத்தியசாலைத் துண்டுகள், மருந்து பில், வேலைக்குப் போக முடியாமல் போன நாட்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். தீர்ப்புக்குப் பிறகு தண்டனைக்கு முன்னால் தனக்கு நடந்த பாதிப்பைப் பற்றிச் சொல்லப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை இருக்கிறது, நட்டஈடு பற்றிய கதையும் அங்கேதான் வரும். தன் சார்பில் ஒரு சட்டத்தரணியை வைத்திருக்கவும் அவருக்கு முடியும்.

இடையில் ஒரு விஷயம், உங்களுக்கு இல்லை, வாசிக்கிற வேறு ஆருக்காவது தேவைப்படலாம். பாலியல் குற்றம் என்றால் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள், முறைப்பாடு பிறகு என்றாலும் பரவாயில்லை. குளிக்காமல், அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டு போக வேண்டும். தொற்றுத் தடுப்பு மருந்துகளில் சிலவற்றை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், அதனால் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. பெரிய வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் இதற்கென்று ஆக்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது 1995 இலிருந்து குற்றம், முகநூலில் இரக்கப்பட்டுப் படம் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளை என்றால் 1929, பெண்கள் உதவிக்கு 1938, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். இவ்வளவு வருடத்தில் நான் கண்டது, எங்கள் ஆக்கள் குறுக்கு விசாரணைக்குப் பயந்து வழக்கைக் கைவிடுவது குறைவு. தவணை தவணையாக அலைந்து களைத்துத்தான் விடுகிறார்கள். நீங்கள் விடிய வெளிக்கிட்டு புளியங்குளம் வந்து ஏ9 வீதியில் பஸ் பிடித்து வவுனியாவில் இறங்க, வழக்கைக் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் அடுத்த திகதி சொல்வார்கள், எதிரியின் சட்டத்தரணி வரவில்லை, வைத்திய அறிக்கை வரவில்லை, ஏதோ ஒன்று. ஒரு நாள் கூலி போய்விடும். நெல் வெட்டுக்காலத்தில் தவணை வந்தால் இன்னும் மோசம். வெளியில் அதே வாங்கிலில் எதிரியின் ஆக்களும் இருப்பார்கள், நீங்கள் தனியாக இருந்தால் பக்கத்தில் வந்து குந்திக் கதைப்பார்கள், நாலாவது தவணையில் மனது உடையும். பாருங்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இதே வவுனியா மேல் நீதிமன்றப் படியை ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுக்களுக்காக எத்தனை வருடம் ஏறி இறங்கினார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக வந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது.

ஆகவே தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார், போய்க் கேளுங்கள், கூட வரக்கூடிய ஒருவரை ஒழுங்கு செய்து தருவார்கள். அவர்கள் வராவிட்டால் ஊரில் நிதானமான ஒரு ஆள், வழக்கில் சாட்சியாக இல்லாத ஆள். அம்மாவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தால் அவருடைய பயம் குறையும், வீட்டில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தால்தான் அது வளரும். சாட்சிகளுக்குப் பயணப்படி உண்டு, சிறிய தொகைதான், என்றாலும் கேட்டு வாங்குங்கள், உங்கள் உரிமை அது.

அழைப்பாணை, அடையாள அட்டை, கொப்பி, தம்பியின் கோப்பு, தண்ணீர்ப் போத்தல், மதியச் சாப்பாடு. 9 மணிக்கு முன்னால் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும், போனை நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். தவணை எந்தத் திகதி என்று நீங்கள் எழுதவில்லை. அதை எனக்குச் சொல்லுங்கள், அந்தக் கிழமை வவுனியாவில் எனக்கு வேறு அலுவலும் இருக்கும், கட்டாயம் வரப் பார்க்கிறேன்.